மடித்துப் பார்த்து எழுது

ஆம்பூர்,
வெள்ளி இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. ஜெர்மன் காலணித் தொழிற்புத்தகத்திலிருந்து நீ மொழிபெயர்த்து அனுப்பிய நாற்பது பக்கமும் வந்து சேர்ந்தது. இரண்டு நாளாக அதோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும் அதை வைத்துக்கொண்டதற்குப் பெரியம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். உன் தமிழ் நன்றாக இருக்கிறது. ஜெர்மனும் எனக்கு வந்ததைவிட உனக்கு நன்றாகவே வருகிறது. நான் மாக்ஸ் முல்லர் பவனில் மாலை வகுப்பில் படித்தவன்; பாதி வகுப்பில் தூங்கியிருப்பேன்.

ஆனால் 12-ம் பக்கத்தில், "நோட்டுப் புத்தகம் பொருத்திய இடத்தால் துளையிட்டு, துரதிர்ஷ்டக் கம்பியை நுழைக்கவும்" என்று ஒரு வாக்கியம் இருக்கிறதே, அதை நீ எழுதியிருக்க மாட்டாய். கம்ப்யூட்டரில் போட்டு எடுத்ததைத் திருத்திக்கொண்டே வந்து, அந்த இடத்தில் கண் அசந்திருக்கிறாய். படித்துச் சிரித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது. சிரித்தாலும் தப்பு முழுக்க யந்திரத்தினுடையது என்று சொல்ல மாட்டேன். அகராதியை மட்டும் நம்பினால் மனுஷனுக்கும் அதே கதிதான்.

ஒர்ட் என்றால் இடம். உலகத்துக்கெல்லாம் அதுதான் அர்த்தம். காலணி தைப்பவருக்கு மட்டும் அது குத்தூசி. ஹெஃப்ட் பள்ளிக்கூடத்தில் நோட்டு, பட்டறையில் கைப்பிடி. பெஹ் என்றால் பேச்சுவழக்கில் கெட்ட நேரம். அதன் பழைய அர்த்தம் கீல். ட்ராட் இன்றைக்குக் கம்பி. ஆனால் அந்தச் சொல் பிறந்தது முறுக்குதல் என்ற வினையிலிருந்து. ஆக, பெஹ்ட்ராட் என்பது சணல் அல்லது லினன் இழைகள் சிலவற்றைத் தொடையில் வைத்து உருட்டி முறுக்கி, கீலும் மெழுகும் தேய்த்த நூல். அதன் முனையில் ஊசி கிடையாது. பன்றி மயிர் ஒன்றை நூலோடு சேர்த்து முறுக்கியிருப்பார்கள். குத்தூசி வளைவாகத் துளை போடும். இரும்பு ஊசி அந்த வளைவில் போகாது, மயிர் வளைந்துகொண்டு போகும். "கீல் பூசிய முறுக்கு நூல்" என்று எழுது, போதும். அடுத்த வரியில் பன்றி மயிர் வரும்போது நீ அதை "தூரிகை" ஆக்கியிருக்கிறாய். அதையும் மாற்று.

இப்போது என் கதையைக் கேள். உன் அப்பாவுக்குக்கூட இது தெரியாது.

1988 வாக்கில் இங்கே ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் ஜெர்மன் கடிதப் போக்குவரத்து என் பொறுப்பு. ஒருநாள் டெலக்ஸ் வந்தது. அனுப்பிய சரக்கு லோஸ்நார்பிஹ் என்று இருந்தது. நார்பெ என்றால் தழும்பு. லோஸ் என்று ஒட்டிக்கொண்டு வந்தால் 'இல்லாத'. வேலையில்லாத, வீடில்லாத என்பதற்கெல்லாம் அந்த லோஸ்தான். ஆகவே தழும்பே இல்லாத தோல்! பாராட்டியிருக்கிறார்கள் என்று மொழிபெயர்த்து, முதலாளி மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அன்றைக்கு ஆபீஸ் முழுக்க டீயும் சமோசாவும். பதினைந்து நாள் கழித்துக் கிளெய்ம் வந்தது. சரக்கின் விலையில் கணிசமாகக் கழித்துக்கொண்டார்கள்.

ஃபினிஷிங் பகுதியில் ஒரு ஃபோர்மேன் பாய் இருந்தார். திட்டவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போய் மேசைமேல் இரண்டு துண்டுத் தோலை வைத்தார். இரண்டும் கறுப்பு, இரண்டும் பளபளப்பு, என் கண்ணுக்கு அக்கா தங்கை மாதிரி. "மடிச்சுப் பாரு தம்பி, மேல்பக்கம் உள்ளே போற மாதிரி" என்றார். முதல் துண்டை மடித்தபோது மேலே மயிரிழை மாதிரி மெல்லிய சுருக்கம் வந்தது, விட்டதும் மறைந்துவிட்டது. இரண்டாவதை மடித்தேன். காய்ச்சி ஆறிய பாலில் விரல் வைத்தால் ஏடு திரண்டு மடியுமே, அப்படி மேல்தோல் தனியாகக் கழன்று பெரிய பெரிய மடிப்பாக எழும்பியது. விட்ட பிறகும் கோடு நின்றது. "இதான் லூஸ் கிரெயின். சுண்ணாம்புல கூடுதலா கிடந்திருக்கும், இல்ல வயித்துப் பக்கத்துத் தோலா இருக்கும். இந்தத் தோல்ல ஷூ செஞ்சா நாலு நாள்ல மூஞ்சி கிழவி மூஞ்சி ஆயிடும்."

லோஸ்நார்பிஹ் என்றால் அதுதான். லோஸ் முன்னால் வந்தால் 'கழன்ற', பின்னால் வந்தால் 'இல்லாத'. நார்பென் என்பதும் தழும்பு இல்லை. மயிர் நீக்கிய பிறகு தோலின் மேல்முகத்தில் மயிர்க்கண்கள் பதித்துவிட்டுப் போகும் கோலம் அது. ஆட்டுக்கு ஒரு மாதிரி, கன்றுக்கு ஒரு மாதிரி இருக்கும். பன்றிக்கு மும்மூன்று புள்ளியாக இருக்கும். பார், ஜெர்மனில் தழும்பு பெண்பால், டீ நார்பெ. தோலின் கோலம் ஆண்பால், டெர் நார்பென். லைஸ்டனும் அப்படித்தான். டெர் லைஸ்டன் காலணியை ஏற்றித் தைக்கும் அச்சுக்கட்டை, டீ லைஸ்டெ மரச்சட்டம், உடம்பில் என்றால் தொடையிடுக்கு. வகுப்பில் டெர், டீ, டாஸ் என்று மனப்பாடம் செய்யச் சொன்னபோது எதற்கு இந்தத் தொல்லை என்று நினைத்தேன். எதற்கு என்று அந்தக் கிளெய்ம் சொல்லிக்கொடுத்தது. 27-ம் பக்கத்தில் ஃபோல்நார்பிஹ் தோலை நீ "முழுதும் தழும்பேறிய" என்று எழுதியிருக்கிறாய். நல்ல கிராக்கியான தோல் அம்மா அது! மேல்முகத்தைத் தேய்க்காமல் அப்படியே விட்ட தோல். வேடிக்கை என்னவென்றால், தேய்க்காமல் விட்டதாலேயே மாடு முள்வேலியில் கீறிக்கொண்ட நிஜத் தழும்பும் அதில்தான் தெரியும்.

மற்றத் தவறுகளைப் பென்சிலில் குறித்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. க்வார்ட்டியர் தங்கும் விடுதி இல்லை. ஷூவின் பின்பாதியில் வரும் இரண்டு பக்கத் துண்டுகள். ஷேர்ஃபென் வெளியே கூர்தீட்டுதல், இங்கே விளிம்பைச் சீவி மெலிதாக்குதல். கெலெங்க்ஃபேடர் "மூட்டு இறகு" ஆகியிருக்கிறது. அது பாதத்தின் வளைவுக்கு அடியில் வைக்கும் எஃகுப் பட்டை, நம் ஆட்கள் சொல்லும் ஷாங்க். பிராண்ட்ஸோலெயில் நெருப்பும் இல்லை, எரிந்த அடியும் இல்லை, அது இன்சோல். பரீஸர் ஷ்டிஹ் தையலே இல்லை, அது அளவு. மூன்று ஷ்டிஹ் சேர்ந்தால் 2 சென்டிமீட்டர், அதனால் 42-ம் நம்பர் அச்சுக்கட்டை 28 சென்டிமீட்டர் நீளம். அப்புறம் கெட்ட தவறு ஒன்று: ஆளின் குதிகாலுக்கும் ஷூவின் ஹீலுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டாய். ஜெர்மனில் ஒன்று ஃபெர்ஸெ, மற்றது அப்ஸாட்ஸ். விளைவு, 31-ம் பக்கத்தில் "குதிகாலில் ஐந்து ஆணி அடிக்கவும்" என்று நிற்கிறது.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. படிக்கிறவனே கண்டுபிடித்துவிடுவான். எனக்குப் பயம் அர்த்தம் சரியாக இருப்பது போலவே தோன்றும் தவறுகள்மேல்தான். டோப்பெல்நாட் என்பதை "இரட்டைத் தையல்" என்று எழுதியிருக்கிறாய். டோப்பெல் இரட்டை, நாட் தையல். எந்த வாத்தியாரும் முழு மதிப்பெண் போடுவார். ஆனால் அது ஒற்றைத் தையல், பாப்பா.

கையால் தைக்கும் ஷூவில் என்ன நடக்கிறது என்று பார். இன்சோலை அச்சுக்கட்டைக்கு அடியில் அறைந்துகொள்வார்கள். மேல்தோலை இடுக்கியால் இழுத்து, கட்டையோடு கட்டையாக ஒட்டும்படி அடியில் மடித்து ஆணியில் நிறுத்துவார்கள். பிறகு ஒரு நீளத் தோல்பட்டையைச் சுற்றிலும் வைத்து, பட்டை, மேல்தோல், இன்சோலின் அடியில் செதுக்கிய வரம்பு மூன்றையும் சேர்த்துத் தைப்பார்கள். அது ஐன்ஷ்டெஹ்நாட், முதல் தையல். வெளியே தெரியாது. நடுவில் குழிவாக நிற்கும் இடத்தைக் கார்க் வைத்து நிரப்பி, வெளியடியை வைத்து, பட்டையோடு அதைச் சேர்த்துத் தைப்பார்கள். அது டோப்பெல்நாட். இரண்டாவது அடியைச் சேர்ப்பதால் வந்த பெயர் அது. நூல் ஓடுவது ஒரே வரிசைதான். இதற்கு மாறாக ட்ஸ்வீகெனேட் என்று ஒன்று வரும், பவேரியா மலைப்பக்கத்துப் பூட்ஸ் வகை. அதில் மேல்தோலின் விளிம்பு உள்ளே போகாமல் வெளியே மடியும். இரண்டு வரிசைத் தையலும் பக்கத்தில் பக்கத்தில் வெளியிலேயே தெரியும். உண்மையில் இரட்டைத் தையல் என்று சொல்ல வேண்டியது இதைத்தான். நீ இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், புத்தகத்தைப் பார்த்துக் கற்கும் பையன் வெளியடியில் இரண்டு வரிசை ஓட்டிப் பட்டையைக் கிழித்துவிடுவான். "பட்டைத் தையல்", "அடித் தையல்", "இருவரித் தையல்" என்று நான் எழுதிப் பார்த்தேன். இதைவிட நல்லதாக உனக்குத் தோன்றினால் சந்தோஷம். ஆனால் மூன்றுக்கும் மூன்று பெயர் வேண்டும். ஒருமுறை வைத்த பெயர் கடைசிப் பக்கம் வரை மாறக் கூடாது. அழகுக்காகச் சொல்லை மாற்றி மாற்றிப் போடும் வழக்கம் கட்டுரைக்குச் சரி, தொழிற்புத்தகத்துக்கு ஆகாது.

அந்தப் பட்டைக்கு ஜெர்மன்காரன் வைத்த பெயர் என்ன தெரியுமா? ராமன். சட்டம் என்று அர்த்தம். பட்டை வைத்துத் தைத்த ஷூ ராமன்-கெனேட். தொழிற்சாலைக்கு வந்த ஜெர்மன் விருந்தாளி இதைச் சொன்னபோது, "ராமன் செருப்புன்னா பரதன்தான் தலையில வச்சிருக்கணும்" என்று ஒரு தொழிலாளி சொல்லி, அதை நான் மொழிபெயர்க்க முடியாமல் திண்டாடினேன்.

பட்டை என்று சொன்னேனே, இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. வெல்ட் என்பார்கள். அப்பர், லைனிங், லாஸ்ட், ஷாங்க், ஸ்கைவிங் எல்லாம் ஆம்பூரில் தமிழ்தான். காலை ஷிப்டுக்குப் பஸ்ஸில் வரும் பெண்கள் வாயில் நாள் முழுக்கப் புழங்குகிற சொற்கள். நீ அச்சுக்கட்டைக்குப் "பாதவடிவுருச் சட்டகம்" என்று ஒன்று செய்திருக்கிறாய். உழைத்திருக்கிறாய், தெரிகிறது. ஆனால் பயிற்சி நிலையத்தில் இந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கப்போகிற பிள்ளை, தன் அம்மா பதினைந்து வருஷமாகப் பிடிக்கிற கட்டையைத்தான் இது சொல்கிறது என்று கண்டுபிடிக்கவே மாட்டாள். முதல் தடவை "லாஸ்ட் எனும் அச்சுக்கட்டை" என்று எழுதிவிடு. பிறகு லாஸ்ட் போதும். வெல்ட்டும் அப்படியே. நல்ல தமிழ்ச் சொல் தொழிலிலேயே இருக்கும்போது அதை விட்டுவிட்டு இங்கிலீஷ் போடுவதும் எனக்குப் பிடிக்காது. குத்தூசி இருக்கிறது, ஊறல் இருக்கிறது, சுண்ணாம்புத் தொட்டி இருக்கிறது. எஷர் என்று வரும் இடத்தில் "சாம்பல்" என்று போடாதே. சாம்பலிலிருந்து வந்த பெயர்தான், ஆனால் தொட்டியில் இருப்பது சுண்ணாம்பு. ப்ளோஸெ என்ற சொல்லைப் பார்த்து நீ கொஞ்சம் கூச்சப்பட்டு "வெற்றுடல்" என்று எழுதியது புரிகிறது. அம்மணம் என்றுதான் அர்த்தம். மயிரும் சதையும் நீக்கி, பதனிடத் தயாராக நிற்கும் தோல் அது. "வெறுந்தோல்" என்றால் போதாதா?

பதனிடும் அத்தியாயத்தில்தான் தமிழுக்கு ஒரு அதிர்ஷ்டம் காத்திருக்கிறது. கெர்ப்ஷ்டோஃப் என்று வரும் இடத்திலெல்லாம் நீ டானின் என்று எழுதியிருக்கிறாய். தவறில்லை. ஆனால் பட்டையிலும் காயிலும் இருந்து தோலைக் கெட்டிப்படுத்தும் அந்தப் பொருளுக்கு நம்மிடம் நாக்கே அறிந்த சொல் இருக்கிறது: துவர். கடுக்காயைக் கடித்தால் வாய் இழுத்துப் பிடிக்கிறதே, தோலுக்குள் நடப்பதும் அதே இழுப்புதான். துவர்ப்பொருள், துவரூட்டுதல் என்று எழுதிப் பார். படிக்கிறவனுக்கு வேதியியல் பாதி புரிந்துவிடும். ஒரே எச்சரிக்கை, பட்டை, காய் கொண்டு பதனிடும் இடத்தில் மட்டும் இதைப் போடு. குரோம் பதனீட்டில் துவர் கிடையாது. அது உலோக உப்பு. ஃப்ரீட்ரிஷ் க்னாப் என்ற ஜெர்மன் வேதியியல்காரர் 1858-லேயே அதன் சாத்தியத்தைப் பற்றி எழுதினார். ஆனால் தொழிலுக்கு வந்தது 1884-ல் அமெரிக்காவில் வாங்கிய காப்புரிமை வழியாகத்தான். இரண்டுக்கும் பொதுவாகச் சொல்ல வேண்டிய இடத்தில் பதனிடுதல்.

லோஹே என்ற சொல்லில் நீ நெருப்பில் விழாமல் தப்பித்திருக்கிறாய், சபாஷ். கொழுந்துவிட்டெரியும் தீக்கும் அதே சொல்தான். இங்கே அது அரைத்த ஓக் மரப்பட்டை. வசந்தத்தில் மரத்தில் நீர் ஏறும் காலத்தில் உரித்து, காயவைத்து, ஆலையில் அரைத்து, குழியில் ஒரு அடுக்குத் தோல், ஒரு அடுக்குப் பட்டை என்று அடுக்கித் தண்ணீர் விட்டு மூடிவிடுவார்கள். கெட்டியான அடித்தோலுக்கு ஒரு வருஷம்கூட ஆகும். நீ இதை "ஆவாரம்பட்டை" என்று மாற்றலாமா என்று ஓரத்தில் கேட்டிருக்கிறாய். மாற்றாதே. திருச்சி, திண்டுக்கல் பக்கம் ஆவாரம்பட்டையில் பதனிட்டார்கள், உண்மைதான். அதனால் ஜெர்மன் காட்டில் ஆவாரை முளைத்துவிடாது. அந்தத் தோலின் நிறமும் கனமும் வேறு. "நம் ஆவாரம்பட்டை போல" என்று ஒருமுறை அறிமுகம் செய்து, ஓக்கை ஓக்காகவே விடு. அப்புறம் 38-ம் பக்கத்தில் ஏழைகள் குளிர்காலத்தில் "பட்டைப் பாலாடைக்கட்டி" வாங்கியதாக வருகிறதே, சாப்பிட இல்லை. துவர் இறங்கிய சக்கையை மிதித்து அச்சில் அமுக்கிக் கட்டியாக்கிக் காயவைப்பார்கள். பார்க்கச் சீஸ் மாதிரி இருப்பதால் லோகேஸெ. வாங்கியது அடுப்பெரிக்க. நம் ஊரில் வறட்டிக்கு இருந்த இடம் அதற்கு அங்கே. இங்கே "பட்டைச்சக்கைக் கட்டி" என்று எழுதி மேலே போ.

ரோட்கெர்பர், வைஸ்கெர்பர் என்று வருபவர்கள் சிவப்பர், வெள்ளையர் இல்லை. பட்டையில் பதனிட்டால் தோல் செம்பழுப்பாகும், படிகாரத்தில் வெளுக்கும். மூன்றாவதாக ஸேமிஷ்கெர்பர், மீன் எண்ணெயில் பதனிடுபவர். பவேரியாவின் மான்தோல் அரைக்கால்சட்டைக்கு அந்தத் தோல்தான். மூவரும் தனித்தனித் தொழிலாகப் பிரிந்திருந்தார்கள். எல்லாருக்கும் ஆற்றங்கரையில், ஊரின் ஒதுக்குப்புறத்தில்தான் இடம், நாற்றம் தாங்காது. முன்னுரையில் "இயற்கையோடு இயைந்த பழந்தொழில்" என்று ஆசிரியர் உருகுவதை அப்படியே மொழிபெயர், உன் கடமை அது. ஆனால் நீ சேர்த்து உருகாதே. பாலாற்றங்கரையில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தோல் கழிவுக்காக 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் வரை போன ஆறு அது.

கடைசியாக, நீ போனில் கேட்ட கேள்வி. ஷூஸ்டர் என்பதைத் தமிழில் என்ன சொல்வது?

அகராதியில் செம்மான் என்று இருக்கிறது. அந்தச் சொல் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் நான் சின்ன வயதில் அதைக் கேட்டதெல்லாம் யாரையாவது வையும்போதுதான். தொழிலின் பெயராக அது நம்மிடம் வரவில்லை, ஒரு ஜனத்தைத் தெருவுக்கு வெளியே நிறுத்தும் பெயராக வந்தது. ஜெர்மனிலும் ஷூஸ்டர் என்பதில் லேசான ஏளனம் உண்டு. ஒப்பேற்றிச் செய்த வேலையை அந்தச் சொல்லை வைத்துத்தான் கிண்டல் செய்வார்கள். தொழிலின் முறையான பெயர் ஷூமாகர். ஆனால் அந்த ஏளனமும் நம்முடையதும் ஒன்றில்லை. நியூரம்பர்கின் ஹான்ஸ் ஸாக்ஸ் (1494–1576) காலணி தைத்துக்கொண்டே ஆயிரக்கணக்கில் பாட்டுக் கட்டினார், ஊர் தலையில் வைத்துக் கொண்டாடியது. கேர்லிட்ஸில் யாக்கோப் போமெ செருப்புக் கடை வைத்துக்கொண்டு தத்துவம் எழுதினார். ஷூபெர்ட் என்ற பெயர் வந்ததே பழைய ஜெர்மனில் காலணி செய்பவர் என்பதிலிருந்து. அதற்காக யாரும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. இந்த வித்தியாசத்தை நீ ஒரு சொல்லில் மறைத்துவிடவும் முடியாது, ஒரு அடிக்குறிப்பில் தீர்த்துவிடவும் முடியாது.

சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துத் தொழிலாளிகளைச் சொல்லும் இடத்தில் தோல் தைப்பவர்களைத் துன்னர் என்கிறது. துன்னுதல் என்றால் தைத்தல். ஷூஸ்டரின் பின்பாதியும் தைப்பவர் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். துன்னர் என்று எழுத எனக்கு ஆசை. யாருக்கும் புரியாது என்பதால் ஆசையை அடக்கிக்கொண்டேன். "காலணி தைப்பவர்" என்று போடு. கெஸெல்லெ வரும் இடத்தில் "தோழர்" வேண்டாம். பயிற்சி முடித்து, இன்னும் மாஸ்டர் ஆகாத கைத்தொழிலாளி அவர். மாஸ்டர் மாஸ்டராகவே இருக்கட்டும், நம் தையல்கடையிலும் அப்படித்தானே கூப்பிடுகிறோம். உரிமையோடு ஒன்று சொல்கிறேன், "சாதாரணச் செருப்புத் தைக்கிறவன்" என்று 5-ம் பக்கத்தில் 'ன்' போட்டிருக்கிறாய். மூலத்தில் அந்த 'ன்' இல்லை. அது உன் பேனாவுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசி.

திருத்திய பக்கங்களைப் பார்சலில் அனுப்புகிறேன். அதோடு ஒரு காக்கிக் கவரும் வரும். பழைய ஃபோர்மேன் பாய் மகனிடம் கேட்டு வாங்கிய இரண்டு துண்டுத் தோல், இரண்டும் கறுப்பு. எது எது என்று பின்னால் நான் எழுதவில்லை. மேல்முகம் உள்ளே போகும்படி மடித்துப் பார்த்துவிட்டு, என்ன தெரிந்தது என்று எனக்கு நாலு வரி எழுது. 27-ம் பக்கத்தை அதற்குப் பிறகு தொடு.

அப்பாவிடம் முட்டிவலிக்கு எண்ணெய் அனுப்பச் சொன்னேன், ஞாபகப்படுத்து.

அன்புடன்,
பெரியப்பா